பெல்ட் வந்துவிட்டது, நான் கையெழுத்துப் போட வேண்டுமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து 51 வயது சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தன் பெயரும் உணவகத்தின் பெயரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலை உணவகத்தில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறார். முதலில் பரிமாறினார். முழங்கால் வலி வந்த பிறகு மேசை துடைப்பது, இலை எடுப்பது, பின்னால் பாத்திரம் கழுவுவது என்று மாறினார். எல்லாம் சேர்த்து மாதச் சம்பளம் 1,900 ரிங்கிட். பழைய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டதால் இப்போது அவர் மகன் கடையை நடத்துகிறார். சமீபத்தில் கடையை மூடிப் புதுப்பித்தார்கள். சமையலறையிலிருந்து மேசை வரை தட்டுகள் ஓடும் பெல்ட், சாப்பிட்ட தட்டுகளைப் பின்னால் கொண்டுபோகும் இன்னொரு பெல்ட், பாத்திரம் கழுவும் இயந்திரம், இரண்டு ரோபோ வண்டிகள், கைத்தொலைபேசியில் ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுக்கும் வசதி என எல்லாம் வந்துவிட்டன.

அப்புறம் கூட்டம் போட்டார்கள். 11 பேரில் 4 பேர் இனி தேவையில்லை என்றார்கள். அந்த நால்வரும் உள்ளூர்க்காரர்கள். இதே மேசை துடைக்கும் வேலையையும் கழுவும் வேலையையும் செய்யும் வங்கதேசத்துத் தம்பிகள் இருவர், 2 ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்கள், வேலையில் தொடர்கிறார்கள். "அவர்களுக்கு பெர்மிட் பணம் கட்டியாகிவிட்டது" என்பது முதலாளி சொன்ன காரணம். சகோதரியிடம் மலாயில் தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுவதாகவும், 3,000 ரிங்கிட் அன்பளிப்பாகப் பெற்றுக்கொண்டதாகவும் அதில் இருக்கிறது. ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் பெல்ட்டில் தட்டு ஏற்றும் அரைநாள் வேலையை மாதம் 900 ரிங்கிட்டுக்கு ஏற்றுக்கொள்ளலாமாம். அது நாளுக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள்.

இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். சோதனை ஓட்டத்தின்போது பெல்ட்டின் முனையில் ஒரு டம்ளர் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கப் போனபோது விரல் உருளையில் மாட்டிக் கிழிந்து 4 தையல் போட்டார்கள். 6 நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கிடைத்தது. கிளினிக் செலவை முதலாளி கொடுத்துவிட்டு, "சின்னக் காயம்தானே, சொக்சோவுக்கெல்லாம் போக வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். சொக்சோ என்பது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்.

"மெஷின் வந்துவிட்டால் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது" என்று தம்பி மகன் சொல்கிறான். "நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே, கேஸ் போடு, ஒரு லட்சம் வரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மகள் ஒரு பள்ளிக் கேண்டீனில் வேலை பார்த்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரமே சேரச் சொல்கிறாள். "அம்மா, மெஷினை எதிர்த்து என்னைப் போன்றவள் ஜெயிக்க முடியுமா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் இயந்திரத்தை எதிர்க்கவில்லை, எதிர்க்கவும் வேண்டாம். கடையில் பெல்ட் வைப்பதும் ரோபோ வாங்குவதும் முதலாளியின் உரிமை. தொழிலை எப்படி நடத்துவது, எத்தனை பேரை வைத்து நடத்துவது என்று முடிவு செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு என்பதை நம் தொழிலியல் நீதிமன்றமும் ஏற்றுக்கொள்கிறது. "மெஷினை எடுத்துவிட்டு எங்களை வைத்துக்கொள்" என்று எந்தச் சட்டமும் அவருக்கு உத்தரவு போடாது. உங்கள் தம்பி மகன் சொன்னதில் இந்த அளவுக்குத்தான் உண்மை இருக்கிறது.

இளம் முதலாளியின் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். உணவகத்தில் பெல்ட் பிறந்ததே ஆள் பற்றாக்குறையால்தான். ஒசாகாவில் சின்ன சுஷி கடை வைத்திருந்த ஷிராய்ஷி யோஷியாகி என்பவருக்குப் போதிய ஆட்களை வைத்துக் கடை நடத்துவது கட்டுப்படியாகவில்லை. பீர் தொழிற்சாலையில் போத்தல்கள் பெல்ட்டில் ஓடுவதைப் பார்த்தவர், 1958இல் அதைத் தன் கடைக்குக் கொண்டுவந்தார். இங்கேயும் அதே நெருக்கடிதான். 2023 மார்ச்சில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டுக்கான புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்தி வைத்ததிலிருந்து நம் உணவக முதலாளிகள் ஆளுக்காகத் தவியாய்த் தவிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பள உயர்வு நியாயமானது, வர வேண்டியது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் சின்னக் கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அவர் பெல்ட் வைத்ததைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. உங்களை அனுப்பும் முறை முழுக்கத் தவறு. அதைத்தான் நாம் பேச வேண்டும்.

ஆட்குறைப்பு செல்லுபடியாக வேண்டுமானால், நீங்கள் செய்த வேலை உண்மையிலேயே இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது முன்பு தேவைப்பட்ட அளவுக்கு இப்போது ஆள் தேவைப்படாமல் போயிருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இயந்திரம் வாங்கிய பில்லைக் காட்டுவது மட்டும் போதாது. வாழை இலைக் கடையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் சோற்றைத் தட்டில் வைத்துப் பெல்ட்டில் அனுப்பலாம். "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்பவருக்கு யார் ஊற்றுவது? மடித்த இலையைப் பெல்ட் எடுத்துப் போடுமா? கழுவும் இயந்திரத்தில் எச்சிலை வழித்து, தட்டை அடுக்கி, மறுமுனையில் எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். பெல்ட்டின் இந்த முனையிலும் ஆள், அந்த முனையிலும் ஆள். சாம்பார் சிந்தினால் துடைக்கவும் ஆள். உங்களுக்கே 900 ரிங்கிட்டுக்கு "தட்டு ஏற்றும் வேலை" இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் வேலை இருக்கிறது, குறைந்த சம்பளத்துக்கு இருக்கிறது.

இயந்திரம் வந்த பிறகும் ஏற்பாடுகள் மாறிக்கொண்டே இருக்கும். 2023 ஜனவரியில் ஜப்பானில் ஒரு சிறுவன் சுஷி கடையில் சோயா சாஸ் போத்தலை நக்கிய வீடியோ பரவியது. அதற்குப் பிறகு அங்கே சில பெரிய உணவகங்கள் தட்டுகளைச் சும்மா சுற்ற விடுவதை நிறுத்திவிட்டு, ஆர்டர் கொடுத்ததை மட்டும் பெல்ட்டில் அனுப்பும் முறைக்குப் போயின. உங்கள் கடையிலும் 3 மாதத்தில் "பெல்ட் சரிப்பட்டு வரவில்லை, ஆள் வேண்டும்" என்று வாசலில் அட்டை தொங்கலாம். அப்படி நடந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை போய்விட்டது என்று சொல்லி அனுப்பியவர் அதே வேலைக்கு ஆள் தேடுவது, அவருடைய வாதத்தை வெகுவாகப் பலவீனப்படுத்தும்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. சொக்சோவின் வேலையிழப்புக் காப்புறுதியும் கிடைக்காது. பிறகு, "என்னைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில் விழும்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்று பார்ப்போம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ், அதாவது எல்லாரும் அக்தா கெர்ஜா என்று சொல்லும் சட்டத்தின் கீழ், 1980இல் இழப்பீட்டு விதிமுறைகள் வந்தன. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாத சம்பளக்காரர்களுக்கு அவை பொருந்தும். வேலை செய்த காலம் 2 ஆண்டுக்குக் குறைவு என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். ஒரு நாள் சம்பளத்தைக் கடைசி 12 மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். உங்களுக்கு 1,900ஐ 12ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் நாளுக்கு 62 ரிங்கிட் 47 சென். ஆண்டுக்கு 20 நாள் வீதம் 14 ஆண்டுக்கு 280 நாள். மொத்தம் ஏறத்தாழ 17,490 ரிங்கிட். 14 ஆண்டுக்கு மேல் சில மாதங்கள் இருந்தால் அதற்கும் கணக்கு உண்டு.

இதோடு முடியவில்லை. 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆட்குறைப்பு என்றால் 8 வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த 8 வாரச் சம்பளத்தைக் கையில் தர வேண்டும். அது ஏறத்தாழ 3,500 ரிங்கிட். இரண்டையும் கூட்டினால் 21,000 ரிங்கிட்டுக்குப் பக்கம் வருகிறது. உங்களிடம் நீட்டியது 3,000.

அவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா காலத்தில் எல்லாம் வாய்வார்த்தையில் நடந்திருக்கும், மகனுக்கு யாரும் சட்டத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் முதலில் சண்டை வேண்டாம். மரியாதையாக, எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, இப்படிச் சொல்லுங்கள்: "தம்பி, நான் வேலையை விட விரும்பவில்லை. வேலை இல்லை என்று கடை முடிவு செய்தால், ஆட்குறைப்பு என்று காரணம் எழுதி, முன்னறிவிப்போடு கடிதம் கொடுங்கள். சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய இழப்பீட்டின் கணக்கையும் எழுதிக் கொடுங்கள்." இழப்பீட்டை வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும், எப்படிக் கணக்கிட்டார் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். இரண்டும் அவருடைய கடமை.

யார் முதலில் போக வேண்டும்

உள்ளூர்க்காரர்களை அனுப்பிவிட்டு வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்துக்கொள்வது, "பெர்மிட் பணம் கட்டியாகிவிட்டது" என்ற காரணத்தால் நியாயமாகிவிடாது. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60என் பிரிவு தெளிவாக இருக்கிறது. ஆட்குறைப்புச் செய்யும்போது, ஒரே மாதிரியான வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால், அவர்களை முதலில் நிறுத்தாமல் உள்ளூர்த் தொழிலாளரை நிறுத்தக்கூடாது.

"ஒரே மாதிரியான வேலை" என்பதில்தான் வாக்குவாதம் வரும். அந்தத் தம்பிகள் தோசைக் கல்லிலோ தந்தூரிலோ நிற்பவர்கள் என்றால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. அவர்களும் மேசை துடைத்துப் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். சுவரில் ஒட்டும் ஷிஃப்ட் அட்டவணை, வாட்ஸ்அப் குழுவில் "இன்று கழுவுவது யார்" என்று வந்த செய்திகள், இவற்றையெல்லாம் இப்போதே சேமித்து வையுங்கள். வேலை போன பிறகு அந்தக் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடுவார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்குள்ளும், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது என்ற வழக்கம் இருக்கிறது. இது எழுத்தில் உள்ள கட்டாயச் சட்டம் என்று சொல்ல முடியாது. 1975இன் தொழில் இணக்க நடத்தை நெறியில் உள்ள வழிகாட்டுதல். ஆனால் அதை மீறும் முதலாளி நல்ல காரணம் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. 14 ஆண்டு வேலை செய்தவர் முதல் பட்டியலில் இருப்பது ஏன் என்று அவர் விளக்கியாக வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை. அந்தத் தம்பிகள் மீது உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர்களும் ஊரில் கடன் வாங்கி வந்தவர்கள்தான், இந்தப் பட்டியலை அவர்கள் போடவில்லை. அவர்களை நிறுத்தினாலும் அவர்களுக்கும் முன்னறிவிப்பும் இழப்பீடும் உண்டு. உங்கள் உரிமையை நீங்கள் கேட்பது முதலாளியிடம்.

அந்த 900 ரிங்கிட் வேலை

இதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப நிலையைப் பொறுத்தது. முடிவெடுக்கும் முன் இந்த விவரங்களைப் பாருங்கள்.

முதலாவது, கணக்கே சட்டத்துக்கு உட்படவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 130 மணி நேரம். அதற்கு 1,062 ரிங்கிட் வர வேண்டும். 900 கொடுப்பது குற்றம்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. இழப்பீட்டைக் கடைசி 12 மாதச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள் என்று சொன்னேன் அல்லவா? 900 ரிங்கிட்டுக்கு ஓர் ஆண்டு வேலை செய்த பிறகு உங்களை நிறுத்தினால், உங்கள் 15 ஆண்டும் 900 ரிங்கிட் கணக்கில்தான் வரும். அப்போது கிடைப்பது 8,900க்கும் கீழே, இன்றைய தொகையில் கிட்டத்தட்டப் பாதி. "புதிய ஒப்பந்தம், பழைய சேவை முடிந்தது" என்று எழுதி வாங்கிவிட்டால் அதுவும் போய்விடும்.

முழுநேர வேலையை உங்கள் சம்மதம் இல்லாமல் அரைநாளாகக் குறைக்க அவருக்கு உரிமை இல்லை. நீங்கள் மறுக்கலாம். ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் மனம் மாறி, இப்போது உள்ளதற்குக் குறையாத சம்பளத்திலும் நிபந்தனைகளிலும் பெல்ட்டில் வேலை தருகிறேன் என்று, வேலை முடியும் நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாகச் சொன்னால், அதைக் காரணமில்லாமல் மறுக்கக்கூடாது. மறுத்தால் இழப்பீட்டை இழப்பீர்கள். அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் என் விருப்பம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே. இழப்பீடு ஒருமுறைதான் வரும். 51 வயதில் நிலையான மாதச் சம்பளம் அதைவிடப் பெரிது. உங்கள் முழங்காலுக்கும் நடந்து பரிமாறுவதைவிட ஓரிடத்தில் இருந்து தட்டு ஏற்றுவது நல்லது. உட்கார ஒரு நாற்காலியும் கேளுங்கள்.

விரல் காயம் சின்னதல்ல

சகோதரி, கடிதத்தில் மற்றதையெல்லாம் விட இதுதான் எனக்குக் கவலை தந்தது. நீங்களோ இதைக் கடைசியில் ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள்.

வேலையிடத்தில் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் கிளினிக் செலவைக் கொடுத்ததால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. 4 நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால் தற்காலிக இயலாமை உதவித்தொகை உண்டு. உங்கள் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. உங்களுக்கு 6 நாள் எம்.சி. இருக்கிறது. தொகை சின்னதுதான். ஆனால் நாளைக்கு அந்த விரல் சரியாக மடங்கவில்லை, பிடிமானம் இல்லை என்றால், நிரந்தர இயலாமைக்குக் கேட்க இன்றைய பதிவு இருக்க வேண்டும். முதலாளி எழுதாவிட்டால், எம்.சி. தாளையும் கிளினிக் ரசீதையும் எடுத்துக்கொண்டு நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு என்பதால், இந்தத் தகவலை அந்தத் தம்பிகளுக்கும் சொல்லுங்கள்.

இயந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம். பெல்ட்டில் அபாயமான இடம் அது உருளைக்குள் நுழையும் முனைதான். மெதுவாக ஓடினாலும் விரலையும் சேலை முந்தானையையும் கையுறையையும் உள்ளே இழுத்துவிடும். அந்த இடத்தில் மூடி இருக்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்க வேண்டும். எது சிக்கினாலும் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான், வேறு யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். இதை வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நாட்டின் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஆபத்துகளை முதலாளி முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் கடையில் 11 பேர். பொதுவான பாதுகாப்புக் கடமைகளை மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நாளைக்கு நிற்கப்போகிறவருக்கு விரல் போகக்கூடாது, அதற்காக முதலாளியிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது, எத்தனை நாளுக்குள்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் முதல் பாதியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். வேலைக்குப் போகாமல் நிற்காதீர்கள். விடுப்பும் இல்லாமல், தகவலும் இல்லாமல், தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராதவர் தானே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார். முதலாளிக்கு அதைவிட வசதியான காரணம் கிடைக்காது. கடிதம் கையில் வரும் வரை நேரத்துக்குப் போய், வருகையைப் பதிந்து, வேலை செய்யுங்கள்.

ஒரு லட்சக் கணக்கும் சரியல்ல. நியாயமற்ற வேலைநீக்கம் என்று தொழிலியல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால், வேலை போன நாளிலிருந்து சேரும் சம்பளமாக அதிகபட்சம் 24 மாதம் வரை கிடைக்கலாம். மீண்டும் வேலையில் சேர்க்க முடியாத நிலையில், வேலை செய்த ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று இழப்பீடு சேர்ப்பது வழக்கம். இடையில் நீங்கள் வேறு வேலையில் சம்பாதித்தால் அதற்காகக் கழிப்பார்கள். உங்கள் சம்பளத்தில் எல்லாம் சாதகமாக நடந்தாலும் ஏறத்தாழ 72,200 ரிங்கிட்டைத் தாண்டாது, அதற்குக் காலமும் பிடிக்கும். முதலாளி ஆட்குறைப்பு உண்மையானது என்று நிரூபித்து, உரிய முறையில் நடந்து, இழப்பீட்டையும் கொடுத்திருந்தால் கேஸில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அதனால்தான் முதலில் பேசித் தீர்க்கச் சொல்கிறேன்.

பேச்சு சரிவராவிட்டால் போகும் இடங்கள் மூன்று, ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கு. இழப்பீடு, முன்னறிவிப்புச் சம்பளம், குறைந்தபட்சச் சம்பளம், 60என் பிரிவு எல்லாம் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா என்னும் தொழிலாளர் இலாகாவிடம். ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி 30 நாள் முன்பே போராங் பிகே என்ற படிவத்தை அங்கே கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தாரா என்று அங்கேயே கேட்கலாம். வேலைநீக்கமே நியாயமில்லை, எனக்கு வேலை திரும்ப வேண்டும் என்றால், தொழிலியல் உறவு இலாகாவிடம் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். அங்கே முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்து சமரசம் பேசுவார்கள், வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. அதற்குப் பிறகு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகிப் பாருங்கள்.

மூன்றாவது, மறுபடியும் சொக்சோ. 2018 முதல் உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு வேலையிழப்புக் காப்புறுதிக்குப் போயிருக்க வேண்டும், முதலாளி அதே அளவு போட்டிருக்க வேண்டும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பித்தால், சந்தாக் காலத்தைப் பொறுத்து 6 மாதம் வரை வேலை தேடும் உதவித்தொகை கிடைக்கும். முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. உங்களுக்கு முதல் மாதம் ஏறத்தாழ 1,500 ரிங்கிட். சந்தா கட்டப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கையும் கூடவே பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் கடைகள் இருக்கின்றன.

மகள் பார்த்து வைத்த கேண்டீன் வேலைக்கு வருகிறேன். நல்ல வேலை என்றால் அதை விட வேண்டாம், ஆனால் அடுத்த வாரமே ஓடிவிடாதீர்கள். ஆட்குறைப்புக் கடிதம் வந்த பிறகு, முன்னறிவிப்புக் காலம் முடிவதற்குள், முதலாளியின் சம்மதம் இல்லாமல் நீங்களாகக் கிளம்பினால் அந்த 17,490 ரிங்கிட் போய்விடும். அதனால் கேண்டீன்காரரிடம் கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வந்ததும், "முன்னறிவிப்புக் காலம் முடியும் முன்பே என்னை விடுவிக்கச் சம்மதம்" என்று முதலாளியிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். பெரும்பாலான முதலாளிகள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். புது வேலையில் சேர்வதற்கு முன் சொக்சோவிலும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். சீக்கிரம் வேலை கிடைத்துவிட்டால், மீதி இருக்கும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை மொத்தமாகத் தருவார்கள்.